விலகிய பிறகு வரும் பில்

'வென்றால்தான் கட்டணம், தோற்றால் ஒரு பென்னிகூட வேண்டாம்.' பிரிட்டனில் இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஒரு வாக்கை வைத்துத்தான் ஆள் சேர்க்கின்றன. கைபேசியில் விளம்பரம் வருகிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி கேட்கிறது. திரையில் விரலால் ஒரு கையெழுத்து. சில மாதம் கழித்து, இதை நாமே இலவசமாகச் செய்திருக்கலாமே என்று யாரோ சொல்லித் தெரியவருகிறது. வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்புகிறோம். அடுத்த சில நாளில் பில் வருகிறது. வழக்கு நடக்கவில்லை, வெற்றி கிடைக்கவில்லை, கையில் பணமும் வரவில்லை. ஆனாலும் முந்நூறு, நானூறு பவுண்டு, சில வேளை ஆயிரத்தையும் தாண்டி, 'இதுவரை ஆன சட்டச் செலவு' என்று கேட்கிறார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் கடன் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைப்போம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறது.

இந்தப் பில்லை எப்படி எதிர்கொள்வது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பில் வந்துவிட்டது என்பதாலேயே அது கடன் ஆகிவிடாது. என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள், ஒப்பந்தத்தின் எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று காட்ட வேண்டியது பில் அனுப்பியவரின் பொறுப்பு. அதைக் கேட்காமல் அச்சத்தில் கட்டிவிடுகிறோம். அதனால்தான் இந்த வழக்கம் நிலைக்கிறது. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தின் நீதிமுறை தனி.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஏற்பாடே புதிதாக இருக்கலாம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது, கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்கக்கூடாது என்று இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதிகள் தடுக்கின்றன. இங்கிலாந்தில் பாதை வேறு. 1990இல் இயற்றிய சட்டம் வழிவிட, 1995 முதல் வெற்றிக் கட்டண ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. உடற்காய வழக்குகள் பெரும்பாலானவற்றுக்கு இருந்த அரசின் சட்ட உதவி 1999ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போனபோது, அந்த இடத்தை இந்த ஒப்பந்தங்கள் நிரப்பின. அதோடு வழக்கறிஞர் அல்லாத இடைத்தரகு நிறுவனங்களும் பெருகின. அவற்றை ஒழுங்குபடுத்த 2006இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. நீதி அமைச்சகத்தின் கீழ் ஒரு கண்காணிப்புப் பிரிவு இயங்கியது. 2019 ஏப்ரல் 1 முதல் அந்தப் பொறுப்பு நிதி நடத்தை ஆணையத்திடம் (எஃப்.சி.ஏ.) போனது.

இடையில் நடந்தது பி.பி.ஐ. விவகாரம். கடன், கடன் அட்டை வாங்கியவர்களின் தலையில் வங்கிகள் தேவையில்லாத காப்பீட்டைக் கட்டிவிட்டதற்காக 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. கோருவதற்கான கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. ஒரு படிவம் நிரப்பி வங்கிக்கு அனுப்பினால் போதும் என்றிருந்த வேலைக்கு நிறுவனங்கள் கால் பங்குக்கும் மேல், வாட் வரி தனியாக, எடுத்துக்கொண்டன. இதில் என்னை மிகவும் வருத்திய ஒரு வகை உண்டு. வாடிக்கையாளருக்கு வங்கியில் பழைய பாக்கி இருக்கும். வங்கி இழப்பீட்டை அந்தப் பாக்கியில் கழித்துக்கொள்ளும். கையில் ஒரு பவுண்டும் வராது. ஆனால் 'நீங்கள் வென்றுவிட்டீர்கள்' என்று நிறுவனத்தின் பில் மட்டும் வீட்டுக்கு வரும். ஏற்கெனவே கடனில் இருந்தவர்களுக்கு மேலும் ஒரு கடன். 2018 ஜூலையில் பி.பி.ஐ. கட்டணத்துக்கு 20 சதவீத உச்சவரம்பு வந்தபோது, கொள்ளை பெருமளவு நடந்து முடிந்திருந்தது.

இப்போதைய களம் கார் கடன். கார் விற்பவர் வட்டியை உயர்த்தினால் அவருக்கே கூடுதல் கமிஷன் என்ற முறையை 2021 ஜனவரியில் ஆணையம் தடை செய்தது. பழைய ஒப்பந்தங்களுக்கான பரிகாரம் பல கட்டங்களைக் கடந்து, 2025 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆணையம் ஒரு பொது இழப்பீட்டுத் திட்டத்தை முன்மொழிந்தது. 2007 முதல் 2024 வரையிலான ஏறத்தாழ 1.4 கோடி ஒப்பந்தங்கள், ஒன்றுக்குச் சராசரியாக 700 பவுண்டு என்பது அப்போதைய மதிப்பீடு. தனியாக யாரையும் அமர்த்தாமல் நேரடியாகக் கேட்கலாம் என்பதை ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. ஆனால் அதற்கு முன்பே மக்கள் கையெழுத்திட்டுவிட்டார்கள். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் பலரும் இந்த ஆண்டுகளில் கடனில் கார் எடுத்தவர்கள்தாம்; விளம்பரம் அவர்களையும் விடவில்லை. ஒருவரே இரண்டு, மூன்று நிறுவனங்களில் பதிந்திருப்பதும் நடக்கிறது. அதிலிருந்து விலக முயலும்போதுதான் இந்தப் பில்கள் கிளம்புகின்றன. விலகுபவர்களிடம் நியாயமற்ற கட்டணம் கேட்கக்கூடாது என்று நிதி ஆணையமும் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பும் 2025இல் சேர்ந்தே எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

பில்லோடு மல்லுக்கு நிற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, அனுப்பியது யார் என்பது. விளம்பரத்தில் வந்த பெயர் ஒன்று, ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர் வேறு, பில்லின் தலைப்பில் மூன்றாவது பெயர் என்பது இத்தொழிலில் சாதாரணம். ஆள் பிடிப்பது ஒரு நிறுவனம். வேலையைச் செய்வது ஒரு சொலிசிட்டர் அலுவலகம். இழப்பீட்டு நிறுவனம் என்றால் நிதி ஆணையத்தின் விதிகள் பொருந்தும். முறையீடு நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகும். சொலிசிட்டர் அலுவலகம் என்றால் எஸ்.ஆர்.ஏ. விதிகள், கட்டணம், சேவை பற்றிய முறையீடு சட்டக் குறைதீர்ப்பாளரிடம். தவறான கதவைத் தட்டி மாதங்களை இழந்தவர்கள் உண்டு. இரண்டு அமைப்புகளும் பொதுப் பதிவேடுகள் வைத்திருக்கின்றன. பில்லில் உள்ள பதிவு எண்ணை அங்கே தேடினால் சில நிமிடத்தில் விடை தெரியும்.

அடுத்தது நாள் கணக்கு. தொலைவிலிருந்து, அதாவது இணையத்திலோ தொலைபேசியிலோ, அல்லது வீட்டு வாசலில் போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகள் தரும் உரிமை இது. அந்த 14 நாளுக்குள் வேலையைத் தொடங்குங்கள் என்று வாடிக்கையாளர் வெளிப்படையாகக் கேட்டிருந்தால் ஒழிய, அதுவரை செய்த வேலைக்குக் காசு கேட்க முடியாது. இதைவிடக் கூர்மையான ஒரு விதியும் அதில் இருக்கிறது. ரத்து செய்யும் உரிமையைப் பற்றி உரிய முறையில் தெரிவிக்கத் தவறினால், அந்தக் கெடு 12 மாதம் வரை நீளும். இதன் பலத்தைச் சொலிசிட்டர்களே உணர்ந்த வழக்குகள் உண்டு. இதற்கு முந்தைய விதிகளின் கீழ், வாடிக்கையாளரின் வீட்டில் வைத்துக் கையெழுத்தான ஒரு வெற்றிக் கட்டண ஒப்பந்தம், ரத்து அறிவிப்பு கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாது என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே 'நீங்கள் 14 நாள் கழித்து வந்தீர்கள்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடாது. ரத்து அறிவிப்பை எனக்கு எப்போது, எந்த வடிவில் அனுப்பினீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

14 நாளும் கடந்துவிட்டது, அறிவிப்பும் ஒழுங்காகத்தான் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இழப்பீட்டு நிறுவனம் நினைத்த தொகையைக் கேட்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகும்போது கேட்கும் கட்டணம் நியாயமானதாகவும் உண்மையில் செய்த வேலைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. ஒப்பந்தத்துக்கு முன்பே சேவை என்ன, கட்டணம் என்ன, விலகினால் என்ன ஆகும், இதை நீங்களே இலவசமாகச் செய்ய வழி உண்டு என்பதையெல்லாம் ஒரே பக்கச் சுருக்கமாகத் தந்திருக்க வேண்டும். தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து வைத்திருக்கவும் வேண்டும். 'விலகினால் செலவே இல்லை' என்று விற்பனையாளர் வாயால் சொன்னது நினைவிருந்தால் அந்தப் பதிவைக் கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய பதிவுகளை ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும்.

சொலிசிட்டர் ஒப்பந்தம் சற்றுக் கடினமானது. வழக்கு முடியும் முன் நீங்களாக விலகினால், அதுவரை ஆன வேலைக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு என்ற விதி பெரும்பாலும் இருக்கும். வென்றால்தான் கட்டணம் என்று சொல்லிவிட்டு இப்படிக் கேட்பது செல்லுமா? செல்லும் என்பதே நீதிமன்றத்தின் விடை. லெக்ஸ்லா என்ற சட்ட நிறுவனத்தின் வழக்கில், வங்கிக்கு எதிரான கோரிக்கையில் கிடைப்பதில் 12 சதவீதம் என்று ஒப்பந்தம். இடையில் வாடிக்கையாளர் விலகிக்கொண்டு தானே வங்கியுடன் சமரசம் செய்தார். விலகினால் மணிக்கணக்குக் கட்டணம் என்ற விதியால் ஒப்பந்தமே செல்லாமல் போகாது என்று 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. உழைத்து, பேச்சுவார்த்தையை ஒரு தொகை வரை கொண்டுவந்த வழக்கறிஞரைக் கடைசி நேரத்தில் கழற்றிவிடுவது சரியல்ல. ஆனால் கார் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஓர் அச்சுக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் அதே தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது. விதி இருக்கலாம் என்பது ஒன்று. அந்த விதி தெளிவாகச் சொல்லப்பட்டதா, தொகை நியாயமா என்பவை வேறு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நியாயமற்ற ஒப்பந்த விதி நுகர்வோரைக் கட்டாது. விலகும் நுகர்வோரிடம் அளவுக்கு மிஞ்சிய தொகை கேட்பது அச்சட்டத்தின் பட்டியலிலேயே சந்தேகத்துக்குரிய விதியாக இருக்கிறது.

தொகை நியாயமா என்பதைப் பில்லை வரி வரியாகப் பிரித்தால்தான் காண முடியும். இங்கிலாந்துச் சொலிசிட்டர்கள் நேரத்தை ஆறு நிமிட அலகுகளாகக் கணக்கிடுகிறார்கள். மணிக்குப் பத்து அலகு. ஒரு மாதிரிப் பில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 250 பவுண்டு, அலகுக்கு 25. கோப்புத் திறக்க ஐந்து அலகு, 125 பவுண்டு. கடன் நிறுவனத்துக்குக் கடிதம் மூன்று அலகு, 75. கடிதம் கிடைத்தது என்ற பதிலைப் படிக்க ஓர் அலகு, 25. வாடிக்கையாளருக்கு நான்கு குறுஞ்செய்தி, ஒவ்வொன்றும் ஓர் அலகு, 100. மொத்தம் 325, அதன்மேல் 20 சதவீத வாட் 65, ஆக 390 பவுண்டு.

இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். கோப்புத் திறப்பது அலுவலகத்தின் சொந்த நிர்வாக வேலை. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா என்பது கேள்வி. கடிதம் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெயர் மட்டும் மாறி மென்பொருளிலிருந்து கிளம்பியது என்றால், பதினெட்டு நிமிடம் யார் உட்கார்ந்து எழுதினார்கள்? 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற தானியங்கிக் குறுஞ்செய்திக்கு 25 பவுண்டா? மணிக்கு 250 பவுண்டு என்றால் அந்த வேலையைச் செய்தது தகுதி பெற்ற சொலிசிட்டரா, பயிற்சி நிலை ஊழியரா? நீதிமன்றங்கள் வழிகாட்டியாக வைத்திருக்கும் மணிக்கட்டண அட்டவணையில், லண்டனுக்கு வெளியே கடைநிலை ஊழியருக்கு உள்ள தொகை 150 பவுண்டுக்கும் கீழ். இன்னொன்றையும் ஒப்பிட வேண்டும். 700 பவுண்டு இழப்பீடு கிடைத்து வழக்கு வென்றிருந்தால் இவர்கள் எவ்வளவு கேட்டிருக்க முடியும்? நிதிக் கோரிக்கைகளுக்கு 2022 மார்ச் 1 முதல் உள்ள உச்சவரம்புப்படி, 1,500 பவுண்டுக்குக் குறைந்த இழப்பீட்டில் 30 சதவீதம், அதுவும் 420 பவுண்டுக்கு மேல் போகாமல். 700க்கு 210 பவுண்டும் வாட் வரியும், ஆக 252. சொலிசிட்டர்களுக்கும் இதே போன்ற வரம்பை எஸ்.ஆர்.ஏ. 2024 ஜூலையில் கொண்டுவந்தது. முழு வேலையும் முடித்து வென்றால் 252; பாதியில் விட்டால் 390. இப்படி ஒரு பில் வந்தால், இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி அனுப்புவதே வலுவான முதல் வாதம்.

முறையீட்டின் படிகள் சிக்கலானவை அல்ல. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில், 'முறையீடு' என்ற தலைப்பிட்டே எழுத வேண்டும். தொலைபேசியில் திட்டினால் பதிவு இருக்காது. ஒப்பந்த நகல், ரத்து அறிவிப்பு, தேதிவாரியான வேலைப் பட்டியல் மூன்றையும் கேளுங்கள். தொகையை மறுக்கிறேன், தகராறு தீரும்வரை வசூலுக்கு அனுப்பாதீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். அவர்களுக்கு எட்டு வாரம் உண்டு. இறுதிப் பதில் வந்தாலும், எட்டு வாரம் கடந்தும் வராவிட்டாலும், குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதக் கெடு. இரண்டு குறைதீர்ப்பாளர்களும் நுகர்வோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அவர்கள் பில்லைக் குறைக்கலாம், முழுதாகத் தள்ளுபடியும் செய்யலாம்.

சொலிசிட்டர் பில்லுக்கு நீதிமன்ற வழியும் ஒன்று உண்டு. பெரிய தொகைகளுக்கு அது உதவும். 1974ஆம் ஆண்டுச் சொலிசிட்டர்கள் சட்டப்படி, பில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கேட்டால் நீதிமன்றம் அதை மதிப்பிட்டே ஆக வேண்டும். பன்னிரண்டு மாதம் வரை நீதிமன்றத்தின் விருப்பம். அதன் பிறகு சிறப்புக் காரணம் வேண்டும். பில்லில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் மதிப்பீட்டுச் செலவு சொலிசிட்டர் மேல் விழும். குறையாவிட்டால் பொதுவாக நம் மேல். முறைப்படியான பில் கொடுத்து ஒரு மாதம் ஆகாமல் அவர் பொதுவாக வழக்கும் போட முடியாது. இழப்பீட்டிலிருந்து கட்டணத்தைத் தானே பிடித்துக்கொண்டாலே 'பில் கட்டப்பட்டுவிட்டது' என்று ஆகாது, வாடிக்கையாளர் அந்தத் தொகைக்கு உடன்பட்டிருக்க வேண்டும் என்று ஓக்வுட் சொலிசிட்டர்ஸ் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணத்தைப் பிடித்துக்கொண்டு காலக்கெடு முடிந்துவிட்டது என்று கைவிரிக்கும் வழக்கத்துக்கு அது ஒரு முட்டுக்கட்டை.

வசூல் நிறுவனத்தின் கடிதம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பணிவது இங்கேதான். சாதாரணக் கடன் வசூல் நிறுவனத்துக்கு நீதிமன்ற அமீனாவின் அதிகாரம் எதுவும் கிடையாது. வீட்டுக்குள் நுழையவோ பொருளை எடுக்கவோ முடியாது. தகராறில் உள்ள தொகை என்று அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் இரண்டு தாள்களை மட்டும் ஒருபோதும் ஒதுக்கி வைக்காதீர்கள். ஒன்று, வழக்குக்கு முந்தைய கடிதம். பதிலளிக்க 30 நாள் தருவார்கள். மற்றது, நீதிமன்றத்திலிருந்து வரும் கோரிக்கைப் படிவம். அதற்குப் பதில் 14 நாளுக்குள். பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்தால் மேலும் 14 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் கட்டாத தீர்ப்பு ஆறு ஆண்டு பதிவேட்டில் நின்று, வீட்டுக் கடன் முதல் கைபேசி ஒப்பந்தம் வரை மறிக்கும்.

இதுவரை சொன்னது வழக்கு நீதிமன்றம் ஏறாத நிலை. ஏறிவிட்டால் கணக்கு மாறும். சிறு கோரிக்கை வழக்குகள் தவிர மற்றவற்றில், வழக்குப் போட்டவர் தானாக அதைக் கைவிட்டால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இங்கிலாந்து உரிமையியல் நடைமுறை விதிகளின் பொது நிலை. நிறுவனத்தைக் கைவிடுவது வேறு, வழக்கைக் கைவிடுவது வேறு. இது எவ்வளவு கொடுமையாக முடியலாம் என்பதை ஷெஃபீல்டின் எஸ்.எஸ்.பி. லா நிறுவனத்தின் சரிவு காட்டியது. சுவர் இடைவெளியில் வெப்பக்காப்பு தவறாக நிரப்பப்பட்டதற்காக ஏராளமான வீட்டுக்காரர்கள் சார்பில் அந்நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. எல்லோருக்கும் சொன்னது வென்றால்தான் கட்டணம் என்றே. 2024 ஜனவரியில் நிறுவனம் விழுந்தது. தோற்ற, கைவிடப்பட்ட வழக்குகளின் எதிர்த்தரப்புச் செலவுகள் ஆயிரக்கணக்கான பவுண்டுகளாக வீட்டுக்காரர்களின் வாசலுக்கு வந்தன. காப்பாற்ற வேண்டிய காப்பீடும் பலருக்குக் கை கொடுக்கவில்லை. ஆகவே விலகும் கடிதம் எழுதும் முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: என் பெயரில் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாகியிருக்கிறதா? ஆம் என்றால், தனியாகச் சட்ட ஆலோசனை பெறாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களும் சட்ட மையங்களும் இலவசமாக வழிகாட்டும்.

இன்னொரு நெருக்கடி, கோப்பு. இங்கிலாந்தில் கட்டணம் தீரும்வரை வாடிக்கையாளரின் கோப்பைப் பிடித்து வைக்கும் உரிமை சொலிசிட்டருக்கு உண்டு. இந்தியாவில் வழக்கறிஞருக்கு அந்த உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்த்துவிட்டது. இந்த விஷயத்தில் இந்தியச் சட்டமே மேலானது என்பேன். தாள்களைப் பிணையாக வைத்துக்கொண்டு கட்டணம் பேசுவது சமமான பேச்சு ஆகாது.

ஒழுங்குபடுத்துவோரிடம் எனக்குள்ள குறை இதுதான். வெற்றிக் கட்டணத்துக்குச் சதவீதமும் தொகையும் எழுதி வரம்பு வைத்தவர்கள், விலகல் கட்டணத்தை 'நியாயமானது' என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டார்கள். நியாயம் எது என்று தெரிய வாடிக்கையாளர் எட்டு வாரமும், அதன் பிறகு குறைதீர்ப்பாளரின் வரிசையில் மாதங்களும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் ஏறாத நிதிக் கோரிக்கையில் விலகல் கட்டணம் குறிப்பிட்ட சிறு தொகையைத் தாண்டக்கூடாது என்று ஒரே வரியில் விதி எழுதினால் இந்தப் பில்களில் பெரும்பகுதி நின்றுவிடும். அந்த விதி வரும்வரை, வேலைப் பட்டியல் இல்லாத பில்லுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பாததற்கான காரணத்தை உரிய நாளுக்குள் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.